ஜெனரேட்டர் விக்கியது ஏன்? குழாயில் நின்ற தண்ணீர்

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் 12 மாடுகள். அடுப்பும், பால் கறக்கும் மெஷினுக்கான சின்ன ஜெனரேட்டரும் சாண எரிவாயுவில்தான் ஓடுகின்றன. போன மார்கழியில் அடுப்பு விட்டுவிட்டு எரிந்தது. ஜெனரேட்டர் விக்கி விக்கி நின்றது. சாணம் போதவில்லையோ என்று கூடுதலாகக் கரைத்து ஊற்றினேன். பலனில்லை. ஆனால் கலனில் வாயு சேரச் சேர மேலே எழும்பும் டிரம் எழும்பியேதான் இருந்தது. அப்படியென்றால் வாயு இருக்கிறது, வந்து சேரவில்லை.

அப்புறம் குழாயோடு நடந்து பார்த்தேன். வேப்பமரத்தடியில் தொய்ந்திருந்த இடத்தை ஆட்டியதும் உள்ளே களக் களக் என்று சத்தம். சாண வாயு ஈரமானது. பனியில் குழாய் குளிர்ந்தால் அந்த ஈரம் தண்ணீராகிப் பள்ளத்தில் தேங்கிவிடும். வால்வை அடைத்துவிட்டு அங்கே ஒரு 'T' வடிவக் குழாய் இணைப்பும், அதன் கீழே திருகு மூடியும் வைத்தேன். திறந்ததும் அரைச் செம்பு தண்ணீர், அழுகிய முட்டை நாற்றத்தோடு!

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. இன்ஜினை அரித்துவிடும். லேத் பட்டறையில் இரும்புச் சுருள் வாங்கி, துருப்பிடிக்க விட்டு, பிவிசி குழாயில் அடைத்து ஜெனரேட்டருக்கு முன்னால் மாட்டினேன். துரு அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். சுருள் கறுத்தால் மாற்ற வேண்டும். வெளியே எடுத்ததும் காற்றுப்பட்டுச் சூடேறும், உடனே தண்ணீர் தெளித்துவிடுங்கள்.