காலெண்டுலா களிம்பு: கோத்தகிரிக் கொல்லையிலிருந்து

முதலில் பூவைச் சரியாகப் பிடிக்க வேண்டும். மாலை கட்டும் செண்டுமல்லி வேறு, களிம்புக்கான காலெண்டுலா வேறு. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே ஆரஞ்சு நிறம் என்பதால் விதை விற்பவர்களே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். விதையைக் கையில் கொட்டிப் பாருங்கள். செண்டுமல்லி விதை நேராக, மெலிந்து, பாதி கறுப்பு பாதி வெளுப்பாக இருக்கும். காலெண்டுலா விதை காய்ந்த புழு மாதிரி வளைந்து, முதுகெல்லாம் முள்ளாக இருக்கும்.

செண்டுமல்லியை நான் மட்டம் தட்டவில்லை. அதன் இதழில் இருக்கும் லூட்டின் என்ற மஞ்சள் நிறமிதான் கண் மாத்திரைக்கும், முட்டைக் கருவுக்கு நிறம் ஏற்றும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. வேரில் உள்ள தயோஃபீன்கள் என்ற வேதிப்பொருள்கள், மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவை அடக்கும். என் தக்காளிப் பாத்தி ஓரமெல்லாம் அதுதான். தோலுக்கு என்றால் மட்டும் காலெண்டுலா. வீக்கத்தைத் தணிக்கும் ஃபாரடையால் எஸ்டர்கள் என்ற பொருள்கள் அதில் இருக்கின்றன. அவை தண்ணீரில் இறங்காது, எண்ணெயில் இறங்கும். டீ போட்டுக் குடித்துவிட்டுப் புண் ஆறவில்லை என்றால் எப்படி?

பனி காய்ந்தபின், நன்றாக விரிந்த பூவைத் தலையோடு கிள்ளுங்கள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பிசின் பச்சைக் காம்புத்தட்டில்தான் அதிகம். இதழை மட்டும் ஆய்ந்து எடுத்தால் அந்தப் பிசின் போச்சு.

நிழலில் உலர்த்துங்கள், வெயில் நிறத்தைத் தின்றுவிடும். இதழ் நொறுங்கினால் போதாது, நடுத்தட்டும் ஒடிய வேண்டும். ஈரம் மிஞ்சினால் எண்ணெயில் பூஞ்சை வரும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

காய்ந்த பூவைப் பாட்டிலில் பாதிக்கு மேல் போட்டு, மூழ்கும்வரை நல்லெண்ணெய் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் எங்கள் குளிருக்கு உறைந்துவிடும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருங்கள். எண்ணெய் கொதிக்கக் கூடாது. துணியில் வடிகட்டி, 100 மில்லி எண்ணெய்க்கு 12 கிராம் தேன்மெழுகைச் சேர்த்து உருக்கி, டப்பாவில் ஊற்றினால் முடிந்தது.

பித்தவெடிப்பு, சிராய்ப்பு, வறண்ட முழங்கை, இவ்வளவுக்குத்தான் இது. சீழ் வைத்த புண், ஆழமான வெட்டு, சர்க்கரை நோயாளியின் கால்புண் என்றால் டாக்டர்தான். பார்த்தீனியம் பட்டால் அரிப்பு வருகிறவர்கள் முன்கையில் துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கட்டும். அதுவும் இதே குடும்பத்துச் செடி.