வயிற்று வலிக்குக் காரணமான உணவைக் கண்டறியும் முறை

உணவு உண்டபின் அடிக்கடி வயிறு வலிப்பவர்கள், சந்தேகம் எழுந்த உணவுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறார்கள். வேதனை அப்படிச் செய்யத் தூண்டும் என்பது உண்மைதான். ஆயினும் உணவை விலக்குவது இந்தத் தேடலின் முதல் படியாக இருக்கக் கூடாது. சில வலிகளுக்கு உணவு காரணமே அல்ல, சில நோய்களோ உணவை முன்கூட்டியே நிறுத்தினால் பரிசோதனையில் சிக்காமல் போகும்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கரிய மலம், காரணமின்றி எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, தொடர் வாந்தி, விழுங்குவதில் சிரமம், காய்ச்சல், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்குப் பின் மலம் கழிக்கும் முறை புதிதாக மாறினாலும் அப்படியே. திடீரெனத் தோன்றும் கடும் வலியும், தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகரும் வலியும் அவசர சிகிச்சைக்குரியவை. உண்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கினாலோ, உடலெங்கும் தடிப்புகள் தோன்றினாலோ, மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமையில் மிகச் சிறிய அளவும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், அந்த உணவை வீட்டில் மறுபடி உண்டு சோதித்துப் பார்க்கவே கூடாது.

உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி நிவாரணிகள் இரைப்பையைப் புண்ணாக்கலாம். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் பேதியை உண்டாக்கலாம். கோதுமை மீது சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது மிக முக்கியம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. குளூட்டனை உண்டுவரும்போதுதான் அந்தப் பரிசோதனை நோயைச் சரியாகக் காட்டும். சில வாரங்கள் நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இதன்பின் இரண்டு வாரங்களுக்குக் குறிப்பேடு எழுதுங்கள். உண்டவை, அவற்றின் அளவு, நேரம், வலி தொடங்கிய நேரம், வலித்த இடம், மலத்தின் தன்மை, உறக்கம், மன அழுத்தம், மாதவிடாய் நாட்கள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். இங்கே பலர் தவறான உணவின்மேல் பழி போடுகிறார்கள். உணவு இரைப்பையை அடைந்ததுமே பெருங்குடல் சுருங்கத் தொடங்குவது உடலின் இயல்பு. ஆகவே உண்ட பத்து நிமிடத்தில் வரும் வலிக்கு அப்போது உண்டது அல்லாமல், முந்தைய வேளைகளில் உண்டது காரணமாக இருக்கலாம். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காதபோது, தொல்லை பெரும்பாலும் அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கும். அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவாக இருப்பதால், லாக்டோஸ் பெருங்குடலை அடைந்து அங்குள்ள பாக்டீரியாக்களால் புளிக்கிறது. அதனால்தான் வாயு, உப்புசம், பேதி எல்லாம் வருகின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலுள்ள பிரக்டான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளும், பருப்பு வகைகளிலுள்ள சில சர்க்கரைகளும், சர்க்கரையற்ற மிட்டாய்களில் சேர்க்கும் சார்பிட்டால் என்னும் இனிப்பூட்டியும் பெருங்குடலில் இவ்வாறே புளிக்கக்கூடியவை.

குறிப்பேடு ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சுட்டினால், அதை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் விலக்கிப் பாருங்கள். வலி குறைந்தாலும் முடிவு கிடைத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் வலி தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. அதே பொருளை முதல் நாள் சிறிதளவும், அடுத்த இரு நாட்களில் சற்றுக் கூடுதலாகவும் உண்டு, பழைய தொல்லை திரும்புகிறதா என்று கவனிப்பதே உண்மையான சோதனை. பலர் இந்த இடத்தில் அஞ்சி நின்றுவிடுவதால், தேவையற்ற பத்தியத்தை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தாலும் முழுவதுமாகக் கைவிட வேண்டியதில்லை. லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலர், ஏறத்தாழ ஒரு கோப்பைப் பாலில் உள்ள 12 கிராம் லாக்டோஸைத் தொல்லையின்றி ஏற்கிறார்கள். தயிரும் முதிர்ந்த பாலாடைக்கட்டியும் அவர்களுக்கு இன்னும் எளிது.

இப்படிக் குடலில் புளிக்கும் சர்க்கரைகள் உள்ள பல பொருள்களை ஒருசேர விலக்கும் ஃபாட்மேப் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். வயிற்று வலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் அடிக்கடி வரும் எரிச்சல் கொண்ட குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ள பலருக்கு அது பயன்படுகிறது என்றாலும், கடுமையாக விலக்கும் காலம் சில வாரங்களே. உணவியல் வல்லுநரின் துணையும் தேவை. குழந்தைகள், கருவுற்றவர்கள், எடை குறைந்தவர்கள் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனை செய்து ஒத்துக்கொள்ளாத உணவுகளின் பட்டியலைத் தருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். அந்த எதிர்ப்பொருள், ஒருவர் அந்த உணவை உண்டிருக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது.

தேடல் நடக்கும் நாட்களிலும் வலியைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வெந்நீர்ப் பை ஒற்றடம், சிறு சிறு வேளைகளாக மெல்ல உண்ணுதல், தண்ணீருடன் படிப்படியாகக் கூட்டும் இசப்கோல் ஆகியவை பலருக்கு ஆறுதல் தரும். விலக்கிப் பார்த்தும் மாற்றம் இல்லையெனில், அந்த உணவை மீண்டும் சேர்த்துக்கொண்டு, குறிப்பேட்டுடன் இரைப்பை குடல் மருத்துவரிடம் செல்லுங்கள். பித்தப்பைக் கல், இரைப்பைப் புண், குடல் அழற்சி ஆகியவற்றுக்கான பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.