ஆறில் ஒரு பங்கு அளவில் ஷெர்மன் டாங்கி: ரிமோட்டில் ஓடும் பெரிய மாதிரியை முதல்முறையாகக் கட்டுவோருக்கு

ரிமோட்டில் ஓடும் பெரிய டாங்கியைக் கட்ட விரும்புபவர்களில் பலர் முதலில் மேலுடலையும் பீரங்கியையும் செய்து, வண்ணமும் அடித்துவிட்டு, அதன் பிறகே அதை ஓட வைப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த டாங்கி புல்தரையில் ஒரு முறை திரும்பியதுமே சங்கிலிப்பட்டையைக் கழற்றிப் போட்டுவிடும். இந்த விளக்கம் எதிர் வரிசையில் செல்கிறது. முதலில் சங்கிலிப்பட்டை, அடுத்து அதை இழுக்கும் பல்சக்கரமும் மோட்டாரும், அவற்றைத் தாங்கும் அடிப்பெட்டி. இவை மூன்றும் ஒழுங்காக ஓடிய பிறகே மேலுடல்.

எந்த டாங்கி, எந்த அளவு

தமியா, ஹெங் லாங் போன்ற நிறுவனங்கள் விற்கும் ரிமோட் டாங்கிகளில் பெரும்பாலானவை பதினாறில் ஒரு பங்கு அளவில் உள்ளவை. ஆறில் ஒரு பங்கு என்பது அதைவிடப் பெரிய, வேறு வகையான வேலை. இங்கிலாந்தின் ஆர்மர்டெக் நிறுவனம் இந்த அளவில் உலோகப் பாகத் தொகுப்புகளைச் செய்துவருகிறது. விலை மிக அதிகம். ஆனால் ப்ளைவுட், அலுமினியம், 3டி அச்சு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கட்டுவதும் இயலும். முப்பது சென்டிமீட்டர் உயரப் போர்வீரர் பொம்மைகள் இதே அளவில் கிடைப்பதால், ஓட்டுநரையும் தளபதியையும் உள்ளே உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் இன்பம்.

முதல் டாங்கிக்கு அமெரிக்க ஷெர்மனின் எம்4ஏ3 வகையை நான் பரிந்துரைக்கிறேன். ஜெர்மன் டைகர் எல்லோரையும் கவர்கிறது. ஆனால் அதன் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு சக்கர அச்சும் தனித்தனி முறுக்குக் கம்பியில் தொங்குவதால் முதல்முறை கட்டுபவருக்கு அது பெரும் சுமை. ஷெர்மனில் பக்கத்துக்கு மூன்று சக்கரத் தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு சக்கரங்கள், அவ்வளவுதான். தொகுதி முழுவதையும் நான்கு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி அமைக்கலாம். எம்4ஏ3 வகையின் மேலுடல் தட்டையான எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்யப்பட்டது என்பதால் ப்ளைவுட்டில் வெட்டுவது எளிது; எம்4ஏ1 வகையோ வார்ப்பு எஃகில் உருண்டு திரண்ட உடல் கொண்டது. இந்தியப் படையின் டெக்கான் ஹார்ஸ் பிரிவினர் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் அசல் உத்தர் என்ற ஊரின் போர்க்களத்தில் ஓட்டியவையும் ஷெர்மன்களே என்பதால் இந்த டாங்கிக்கு நமது வரலாற்றிலும் இடமுண்டு.

அளவுக் கணக்கு

உண்மையான எம்4ஏ3 டாங்கி ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம், 2.62 மீட்டர் அகலம், 2.74 மீட்டர் உயரம் கொண்டது. ஆறால் வகுத்தால் மாதிரி 98 செ.மீ. நீளம், 44 செ.மீ. அகலம், 46 செ.மீ. உயரம் என்று வரும். உங்கள் வீட்டுக் கதவும் காரின் பின்பகுதியும் இதற்கு இடங்கொடுக்குமா என்பதை இப்போதே அளந்து பார்த்துவிடுங்கள். எடையோ நீளத்தைப் போல ஆறால் வகுபடாது. ஆறின் முப்படியான 216ஆல் வகுக்க வேண்டும். உண்மையான ஷெர்மன் சுமார் 30 டன் என்பதால் அதே அடர்த்தியில் மாதிரி 140 கிலோ இருக்கும். ப்ளைவுட்டில் கட்டினால் 30 கிலோவுக்குள் அடக்கலாம், இந்த விளக்கத்தின் கணக்குகள் எல்லாம் அந்த 30 கிலோவை வைத்தே போடப்பட்டுள்ளன.

மற்ற அளவுகளுக்கு, எம்4ஏ3 டாங்கிக்காக அமெரிக்க ராணுவம் வெளியிட்ட டி.எம். 9-759 என்ற தொழில்நுட்பக் கையேட்டின் நகல் இணையத்தில் கிடைக்கிறது. கையேட்டில் இல்லாதவற்றை அருங்காட்சியக டாங்கிகளின் ஒளிப்படங்களை வைத்துச் சரிபார்க்கலாம். பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால், பின்னால் எழும் பாதிச் சந்தேகங்களுக்கு அதுவே விடை சொல்லும்.

சங்கிலிப்பட்டை

ஷெர்மனின் சங்கிலிப்பட்டையில் பக்கத்துக்கு 79 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் 6 அங்குலம், அகலம் சுமார் 42 செ.மீ. ஆகவே மாதிரியில் அந்தத் தூரம் சரியாக 25.4 மி.மீ., அகலம் 70 மி.மீ. ஒவ்வொரு கட்டைக்குள்ளும் இரண்டு ஊசிகள் குறுக்கே செல்கின்றன. அடுத்தடுத்த கட்டைகளின் ஊசி முனைகளை இருபுறமும் இணைப்புக் கொக்கிகள் பிடித்துக்கொள்கின்றன. இரு பக்கங்களுக்கும் சேர்த்து 158 கட்டைகள், 316 ஊசிகள், 316 கொக்கிகள் வேண்டும். உதிரிக்குப் பத்துப் பன்னிரண்டு கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள். இந்த வேலை சலிப்பூட்டக்கூடியதுதான், ஆனால் டாங்கியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கட்டைகளை 3டி அச்சில் செய்வதானால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையைத் தவிர்த்துவிடுங்கள். அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் சங்கிலிப்பட்டை வளைந்துவிடும். பி.இ.டி.ஜி. அல்லது நைலான் பொருத்தமானது. அச்சிடும்போது கட்டையை எந்தப் பக்கமாகப் படுக்க வைக்கிறோம் என்பது பொருளின் வலிமையைவிட முக்கியமானது: இழுவிசை அடுக்குகளின் நீளவாக்கில் செல்ல வேண்டும், அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் திசையில் சென்றால் ஊசித்துளையை ஒட்டிக் கட்டை பிளந்துவிடும். ஊசிக்கு 3 மி.மீ. எஃகுக் கம்பியும், கொக்கியில் 3.2 மி.மீ. துளையும் போதும். முதலில் பத்துக் கட்டைகளை மட்டும் செய்து கோத்து, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி மறுமுனையில் 20 கிலோ எடையை ஓர் இரவு தொங்கவிடுங்கள். துளைகள் நீளாமலும் கொக்கிகள் விரியாமலும் இருந்தால் மீதியை அச்சிடலாம்.

பல்சக்கரமும் மோட்டாரும்

ஷெர்மனின் பல்சக்கரம் முன்பக்கத்தில் இருக்கிறது, அதற்கு 13 பற்கள். பல்லுக்கு 25.4 மி.மீ. என்பதால் ஒரு சுற்றில் டாங்கி 330 மி.மீ. நகரும்; சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 106 மி.மீ. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது கணக்குப் போடும் வேலையாகிவிடும்.

முதலில் வேகம். எம்4ஏ3 சாலையில் மணிக்கு 42 கி.மீ. வரை ஓடியது, ஆறால் வகுத்தால் 7 கி.மீ. அவ்வளவு வேகம் தேவையில்லை. மணிக்கு 3 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர், அதாவது பல்சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்றுகள் சுற்ற வேண்டும்.

அடுத்து முறுக்குவிசை. டாங்கி நேராக ஓடும்போது அதிக விசை தேவைப்படாது. நின்ற இடத்தில் திரும்பும்போதுதான் மோட்டாரின் வலிமை தெரியும், ஏனெனில் தரையில் படிந்திருக்கும் பட்டை முழுவதும் பக்கவாட்டில் தேய்ந்து நகர வேண்டியிருக்கிறது. ஷெர்மனின் பட்டை தரையைத் தொடும் நீளம் 3.73 மீட்டர், இரு பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 2.11 மீட்டர், விகிதம் 1.77. டாங்கியின் எடையை உராய்வுக் கெழுவாலும் இந்த விகிதத்தாலும் பெருக்கி நான்கால் வகுத்தால் ஒவ்வொரு பட்டைக்கும் வேண்டிய இழுவிசை கிடைக்கும். 30 கிலோ டாங்கிக்கு உராய்வுக் கெழுவை 0.8 என்று வைத்தால் அது சுமார் 105 நியூட்டன். பல்சக்கரத்தின் ஆரம் 53 மி.மீ. என்பதால் முறுக்குவிசை 5.6 நியூட்டன் மீட்டர் வரும். மேடும் சேறும் வரும் என்பதால் இதைப் போல இரண்டு மடங்கைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது. நிமிடத்துக்கு 150 சுற்று, 11 நியூட்டன் மீட்டர் என்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 175 வாட்.

மின்சக்கர நாற்காலிகளின் 24 வோல்ட் மோட்டார்கள் இந்த வேகத்தையும் வலிமையையும் ஒட்டியே அமைந்திருப்பதால், உலகெங்கும் ஆறில் ஒரு பங்கு டாங்கி கட்டுவோர் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். கியர்பெட்டி செங்கோணத்தில் இருப்பதால் மோட்டார் அடிப்பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்க, அச்சு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழையவற்றை வாங்கினால் பின்புறம் மின்காந்தப் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது அது அச்சை இறுகப் பிடித்துக்கொள்ளும்; ஆகவே அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் தனியே 24 வோல்ட் கொடுத்து விடுவிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கார் வைப்பர் மோட்டார் இந்த இடத்துக்கு ஒத்துவராது: நிமிடத்துக்கு 65 சுற்றில் டாங்கி மணிக்கு 1.3 கி.மீ. மட்டுமே ஊரும். அதற்கு வேறோர் இடம் பின்னால் வரும்.

அடிப்பெட்டியும் தாங்கு சக்கரங்களும்

அடிப்பெட்டியை 12 மி.மீ. ப்ளைவுட்டில் செய்யுங்கள். பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 351 மி.மீ. இருக்க வேண்டும், பட்டையின் அகலத்தைக் கழித்தால் உள்விளிம்புகளுக்கு இடையே 281 மி.மீ. மிஞ்சும். பட்டை உரசாமலிருக்க இருபுறமும் பத்து மி.மீ. விட்டுப் பெட்டியின் வெளியகலத்தை 260 மி.மீ. என்று வையுங்கள். மூலைகளில் அலுமினியக் கோணம் வைத்துப் பசையோடு போல்ட்டும் போடுங்கள். மோட்டார்கள் பிடிக்கப்படும் முன்பகுதிக்கு உள்ளே 5 மி.மீ. அலுமினியத் தகடு அவசியம். மரம் மட்டும் இருந்தால் பல்சக்கரத்தின் இழுப்பில் துளைகள் நாளடைவில் நீண்டு, இரு பல்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று கோணலாகிவிடும். பட்டை கழன்று விழுவதற்கு முதல் காரணம் இந்தக் கோணல்தான்.

உண்மை டாங்கியில் சக்கரத்தின் விட்டம் 20 அங்குலம், அகலம் 9 அங்குலம். மாதிரியில் 85 மி.மீ., 38 மி.மீ. ஒவ்வொன்றிலும் இரண்டு பால் பேரிங் வையுங்கள். 30 கிலோவை ஆறு தொகுதிகள் தாங்குவதால் தொகுதிக்கு 5 கிலோ. அந்தச் சுமையில் தன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் சுருள்வில்லைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடக் கடினமான வில் போட்டால் கல்லின்மேல் ஏறும்போது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, பட்டை தொங்கிப் பக்கவாட்டில் நழுவும். பட்டை திரும்பிவரும் பின்கோடிச் சக்கரத்தின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டும் வசதியோடு அமையுங்கள். பட்டையின் இறுக்கத்தைச் சரிசெய்ய அதுதான் ஒரே வழி.

மின் இணைப்பு

யூ.பி.எஸ். கருவிகளில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும். அவற்றைப் பின்பகுதியில் வைத்தால் முன்னே உள்ள மோட்டார்களின் எடையோடு சமன்படும். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே 30 ஆம்பியர் ஃப்யூஸ், அடுத்து கைக்கு எட்டும்படி வெளியே ஒரு துண்டிப்பு சுவிட்ச், பிறகு மோட்டார்களின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் மின்சுற்றான மோட்டார் டிரைவர் என்ற வரிசை மாறக்கூடாது. இரு மோட்டாருக்கான டிரைவரில் சேபர்டூத் 2×32 நம்பகமானது. பக்கத்துக்குத் தொடர்ந்து 32 ஆம்பியர் தரும். முன்னே தள்ளினால் ஓடவும் பக்கம் தள்ளினால் திரும்பவும் வேண்டிய கலவைக் கணக்கை அதுவே செய்துகொள்ளும். இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முனைகளை மாற்றிக் கொடுத்தால் அது உடனே எரிந்துபோகும். வேகம் குறையும்போது அது மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புவதால், சோதனைக்காகக்கூட மேசைமேல் வைக்கும் பவர் சப்ளையைப் பயன்படுத்தாமல் பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

ரிமோட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆறு சானல் கருவி எதுவானாலும் போதும். ஃப்ளைஸ்கை நிறுவனத்தின் எஃப்.எஸ்-ஐ6 புதியவர்களுக்கு ஏற்றது. சிக்னல் அறுந்தால் டாங்கி நின்றுவிடும்படி ரிசீவரில் அமைத்துவிட்டு, பட்டைகள் தரையில் படாதவாறு டாங்கியைக் கட்டைமேல் ஏற்றி ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்காத டாங்கியைத் தரையில் இறக்கவே கூடாது. 30 கிலோ எடையுள்ள பொருள் குழந்தையின் காலை நோக்கிச் சென்றால் அது விளையாட்டுப் பொருள் அல்ல. ரிமோட்டை முதலில் போட்டுப் பிறகு டாங்கியைப் போடுவதும், அணைக்கும்போது டாங்கியை முதலில் அணைப்பதும் பழக்கமாக வேண்டும். பல்சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே கை வைக்கும் முன் துண்டிப்பு சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மேலுடல் இல்லாத முதல் ஓட்டம்

இப்போது அடிப்பெட்டிக்குள் மணல் மூட்டைகளை வைத்து எடையை 30 கிலோவாக்கி ஓட்டுங்கள். முதலில் சிமெண்ட் தரை, பிறகு மண், கடைசியாகப் புல். நின்ற இடத்தில் இருபுறமும் திருப்புங்கள், சரிவில் குறுக்காக ஓட்டுங்கள். பட்டை பின்சக்கரத்தில் கழன்றால் இறுக்கம் குறைவு. பல்சக்கரத்தில் ஏறிக் குதித்தால் பல்லின் அளவோ நேர்கோடோ தவறு. மேலே தாங்கும் சிறு உருளைகளுக்கு நடுவே பட்டை இலேசாகத் தொய்வது சரியான இறுக்கம். அரைமணி நேரம் ஓட்டியபின் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் எங்கோ உரசுகிறது. புதிய பட்டை முதல் சில ஓட்டங்களில் துளைகள் பழகிச் சற்று நீளும் என்பதால் ஒவ்வொரு முறையும் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

மேலுடலும் டரட்டும்

மேலுடலுக்கு 6 மி.மீ. ப்ளைவுட் போதும். முற்கால எம்4ஏ3 டாங்கியின் முன்தகடு செங்குத்திலிருந்து 56 டிகிரியும், பிற்காலத்தது 47 டிகிரியும் சாய்ந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு வெட்டுங்கள், ஏனெனில் ஓட்டுநர் மூடிகளின் வடிவமும் அதோடு மாறுகிறது. பேட்டரியையும் பட்டையையும் எளிதில் அணுக, மேலுடல் முழுவதும் ஒரே துண்டாகத் தூக்கி எடுக்கும்படி இருக்கட்டும்.

பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டே டரட். அது அமர்ந்து சுழலும் வளையத்தின் விட்டம் உண்மையில் 69 அங்குலம், மாதிரியில் 292 மி.மீ. சாப்பாட்டு மேசைச் சுழல்தட்டுக்கு விற்கும் 300 மி.மீ. அலுமினியப் பேரிங் இங்கே ஏறக்குறைய அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. உண்மை ஷெர்மனின் டரட் 15 விநாடியில் ஒரு முழுச்சுற்று சுற்றியது, அதாவது நிமிடத்துக்கு நான்கு. முன்பு ஒதுக்கிய வைப்பர் மோட்டாரின் குறைந்த வேகம் நிமிடத்துக்கு 45 சுற்று. அதன் அச்சில் 25 மி.மீ. ரப்பர் சக்கரத்தை மாட்டி, 280 மி.மீ. விட்டமுள்ள ஒரு வளையத்தின் உட்புறத்தில் அழுத்தி வைத்தால் அந்த வேகம் கிடைத்துவிடும். பீரங்கிக் குழாய் சுவரில் முட்டினால் ரப்பர் வழுக்கிக்கொடுப்பதால் எதுவும் உடையாது. வைப்பர் மோட்டாருக்கு வேண்டிய 12 வோல்ட்டை ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்தால் அது மற்றதைவிட முன்னதாகத் தீர்ந்து கெட்டுப்போகும். 24 வோல்ட்டிலிருந்து இறக்கித் தரும் மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

டரட்டின் உருண்ட வடிவத்தை ப்ளைவுட் வளையங்களை அடுக்கி, இடைவெளிகளை நிரப்பி, மேலே ஃபைபர்கிளாஸ் ஒட்டிக் கொண்டுவரலாம். கார் பட்டறையில் பூசும் புட்டியைச் சற்று இளக்கி, விறைத்த தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் வார்ப்பு எஃகின் சொரசொரப்பு வந்துவிடும். 75 மி.மீ. பீரங்கியின் உள்துளை மாதிரியில் 12.5 மி.மீ.; அலுமினியக் குழாய் போதும். குழாயிலிருந்து எந்தப் பொருளும் வெளியே வராதபடி, வெறும் தோற்றத்துக்காகவே அது இருக்கட்டும்.

ப்ளைவுட்டின் வெட்டு முனைகளில் எபாக்ஸி தடவி நீர் புகாமல் அடைத்து, பிரைமர் பூசி, பளபளப்பில்லாத கரும்பச்சைப் பழுப்பை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். வெள்ளை நட்சத்திரங்களை அச்சுத்தாள் வைத்துத் தெளிப்பது நேர்த்தியாக வரும். தாங்கு சக்கரங்களின் ரப்பர் ஓரத்திலும் பட்டையின் ஊசிகளிலும் வண்ணம் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள். ஊசித்துளைக்குள் இறங்கிக் காய்ந்த வண்ணம் கட்டைகளை விறைக்கச் செய்து, சரிசெய்து வைத்த இறுக்கத்தையே மாற்றிவிடும்.