துபாய் வேலைக்குப் புறப்படும் முன்

பணி ஆணை கையில் கிடைத்ததும் முதலில் கவனிக்க வேண்டியது பட்டச் சான்றிதழ். அதற்கு மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என வரிசையாக ஒப்புதல் பெற வேண்டியிருப்பதால், பயணச்சீட்டு எடுக்கும்வரை அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது வங்கி. வேலைக்காக வெளிநாடு சென்றபின் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றி, வாடகை போன்ற உள்நாட்டு வருமானத்தை அதில் பெறலாம். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கைத் தனியே தொடங்குவதே நல்லது, ஏனெனில் வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கு வருமான வரி கிடையாது. வரிக்கணக்கில் புறப்படும் நாளுக்கும் பங்குண்டு: செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, நிதியாண்டு முடியும்வரை திரும்பாதவர் இந்தியாவில் 182 நாள்களுக்குக் குறைவாகவே இருந்தவராகிறார், அதனால் அந்த ஆண்டு வரிக்கணக்கிலும் பொதுவாக வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதப்படுவார். விடுப்பில் வந்து தங்கும் நாள்களும் இந்த 182 நாள் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வங்கியின் ஓடிபி வரும் இந்திய கைப்பேசி எண்ணுக்கு ரோமிங் வசதியை இங்கேயே இயக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் சம்பளம் வரும்வரை தேவைப்படும் செலவில் வீட்டு முன்பணமே பெரிது. நிறுவனம் தங்குமிடம் தருமா, எத்தனை நாள் தரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளுக்கு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் சீட்டோடு முன் அனுமதியும் பெறாமல் அவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள்.