பெரிய கோயிலை அந்தியில் படமெடுக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மாலை நாலு மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயில் திறந்ததும் கேமராப் பையோடு வருகிற புதியவர்களை அடிக்கடிப் பார்க்கிறேன். பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு எல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து டிக்கெட் போட்டு வந்தவர் ஒரு நல்ல மாலையை முழுசாகப் பறிகொடுக்க வைக்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நந்தி பக்கமே நின்றுவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கோயில் கிழக்கு பார்த்தது. கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் தாண்டி வந்தால் எதிரே நந்தி மண்டபம், அதற்கப்பால் விமானம். வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நின்று மேற்கே கேமராவை நீட்டுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பார்ப்பது விமானத்தின் வெயில் படாத முகம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு கதை உண்டு. ஐந்து மணிக்கு வந்து பாருங்கள், 216 அடி விமானத்தின் நிழல் கிழக்கு முற்றத்தில் நீட்டிப் படுத்திருக்கும். பல பேர் அந்த நிழலுக்குள் நின்றுகொண்டுதான் வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறார்கள். வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) வைத்தால் கல் கரியாகிறது. கல்லுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடுகிறது. வீட்டுக்குப் போய் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஷேடோவை, அதாவது இருண்ட பகுதியை, ஏற்றினால் சிற்ப வரிசை முழுக்க நாய்ஸ், புள்ளிப் புள்ளியாகக் கரகரப்பு.

ஒரு மார்கழி மாலையில் சென்னையிலிருந்து ஒரு தம்பி வாடகை லென்ஸோடு வந்திருந்தார். "பின்பக்கம் வாங்க தம்பி, வெயில் அங்கதான் இருக்கு" என்றேன். "இல்லண்ணா, சூரியன் விமானத்துக்கு நேர் பின்னாடி இறங்கணும்" என்று இடத்தை விட்டு நகரவில்லை. மார்கழியில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, தெற்கே நன்றாகத் தள்ளி இறங்கும். நந்தியிடம் நின்றால் விமானத்துக்கு இடப்பக்கம் எங்கோ போய்விடும். ஏறக்குறைய நேர் மேற்கில் மறைவது மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய நாட்களில்தான். அந்த நாட்களிலும் விமானம் இவ்வளவு உயரம் என்பதால், முற்றத்தில் நிற்பவருக்குச் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே கல்லுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். சிவந்த பந்து விமானத்தைத் தொட்டுக்கொண்டு இறங்குவதை நந்தியிடமிருந்து எடுக்கவே முடியாது. அந்தத் தம்பி கடைசிவரை காத்திருந்து வெறும் கையோடு ரயிலுக்குப் போனார்.

தயவுசெய்து பின்னால் போங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பிள்ளையார் சன்னதி இருக்கும் தென்மேற்கு மூலை. தெற்கு முகம், மேற்கு முகம் இரண்டிலும் வெயில் விழும், ஒன்றில் நேராக, இன்னொன்றில் சாய்வாக. சிற்பங்கள் கல்லைவிட்டு எழுந்து நிற்பது அந்தச் சாய்வு வெயிலில்தான். மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே தள்ளி இறங்கும். அப்போது முருகன் சன்னதி பக்கம், வடமேற்கு மூலை. மூலையில் நிற்பதில் இன்னொரு லாபம், விமானம் முழுசாக அடங்க ஓரளவு தூரம் கிடைக்கும். நேர் பின்னால் நின்றால் கழுத்தைத்தான் அண்ணாந்து ஒடித்துக்கொள்ள வேண்டும்.

அங்கே நின்று விமானச் சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். முற்றத்தைச் சுற்றி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையின் நிழல் கல்வெட்டு வரிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு மேலே ஏறும். நிழல் அடித்தளத்தை மூடியதும் பலர் "வெயில் போச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். மேல்தளங்கள் பழுத்த நிறத்துக்கு வருவது அதற்குப் பிறகுதான். கடைசி வெயில் கலசத்துக்கு.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்

அந்த மஞ்சளைத்தான் எடுக்க வந்தீர்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமன்பாட்டை, ஆட்டோவில் விட்டால் அதைக் கேமரா திருத்திவிடும். டேலைட்டில் (பகல் வெளிச்சத்துக்கான அமைப்பு) வையுங்கள்.

ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்புவது

ஐரோப்பாக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பொன் வெளிச்சம் வெகுநேரம் நிற்கும் என்று நினைத்து வருகிறார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சரிந்து சரிந்து இறங்கும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குள் இருக்கிறது, இங்கே ஏறக்குறைய செங்குத்தாக விழும். அடிவானத்துக்கு மேலே கடைசி ஆறு பாகையைக் கடக்க 25 நிமிடம் போதும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜூலையில் ஆறரை தாண்டும். நேரம் பார்த்துவிட்டு வாருங்கள், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் இடம் பிடியுங்கள்.

மறைந்ததும் கிளம்பிவிடவும் வேண்டாம். வானம் நீலமாக இருக்கும்போதே விளக்கு போட்டுவிட்டால், கல்லும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்தில் நிற்கும் நேரம் ஒன்று வரும். பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்கு மட்டும் நந்தி பக்கம் திரும்பி வரலாம்.

ட்ரைபாட்

தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

ட்ரோன்

கூடவே கூடாது.

சாய்வதற்கு எதையாவது தேடுவது

ட்ரைபாட் இல்லையென்று திருச்சுற்று மாளிகைத் தூணில் முதுகைச் சாய்க்கிறார்கள், அது பரவாயில்லை. உள்சுவரில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே தோள் உரசக்கூடாது. வரிசையாக இருக்கும் லிங்கங்களின் பீடத்தில் கேமராவை நிறுத்தி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மூச்சை விட்டு அழுத்துங்கள். இப்போதைய கேமராக்களுக்கு அது தாராளம்.