31 உடன் நிற்காதீர்கள்: பெரிய எண்ணை வகைப்படுத்தும்போது விடும் பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் கணிதம் சொல்லிக்கொடுக்கும் ரியூசன் வகுப்பில் ஒரு பையன் நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். தொடர் இலக்கத்தின் கடைசி ஆறும் 999919. "சேர், இது முதன்மை எண். 31 வரைக்கும் பிரிச்சுப் பார்த்திட்டன், ஒண்டாலையும் பிரிபடேல்லை." (தமிழ்நாட்டில் இதைப் பகா எண் என்பார்கள்.)

பிரித்ததில் பிழை இல்லை. நிறுத்திய இடம்தான் பிழை. ஓர் எண்ணை அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் வரும் எண்கள் பெரும்பாலும் ஆயிரத்துக்குள் இருப்பவை. அவற்றின் வர்க்கமூலம் 32ஐத் தாண்டாது, அதனால் 31 போதும். அந்தப் பழக்கம் ஆறு இலக்க எண்ணுக்கும் தொற்றிக்கொள்கிறது. 999919இன் வர்க்கமூலம் ஆயிரத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆயிரத்துக்குள் 168 முதன்மை எண்கள் உண்டு. அத்தனையையும் பார்த்தாக வேண்டும். இந்த எண் அவற்றில் 167ஆவதான 991ஆல்தான் முதன்முதலாகப் பிரிபடும். 166 தரம் தோற்றவன் கைவிட்டால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அவ்வளவு பாடுபடத் தேவையே இல்லை. எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: பத்து இலட்சத்துக்கு 81 குறைவு. அதாவது 1000இன் வர்க்கத்திலிருந்து 9இன் வர்க்கத்தைக் கழித்தது. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் 991 × 1009. முடிந்தது. பேனையை எடுத்தவுடன் வகுக்கத் தொடங்குவதுதான் பெரிய பிழை என்பேன்.

வகுத்தே ஆக வேண்டுமென்றாலும் 7, 11, 13க்குத் தனித்தனியாக மினக்கெட வேண்டாம். மூன்றையும் பெருக்கினால் 1001. எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கழியுங்கள்: 999 − 919 = 80. எண்பது அந்த மூன்றில் எதாலும் பிரிபடாது, ஆகவே 999919உம் பிரிபடாது.

"4ஆலும் 6ஆலும் பிரிந்தால் 24ஆலும் பிரியும்" என்பது இன்னொரு பழைய பிழை. ஐந்து எண் தள்ளி 999924ஐ எடுங்கள். 4ஆல் பிரியும், 6ஆல் பிரியும். 24ஆல் வகுத்தால் 12 மிஞ்சும். பார்க்க வேண்டியது பெருக்கத்தை அல்ல, பொ.ம.சி.யை (பொது மடங்குகளுள் சிறியது); அது 12தான்.

சரி, காரணிகள் கிடைத்தாயிற்று: 1, 991, 1009, 999919. அடுத்து நிறைவெண்ணா (தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமம்), குறைவெண்ணா (எண்ணைவிடக் குறைவு), மிகை எண்ணா (எண்ணைவிடக் கூட) என்று பார்க்கும்போது பையன் நான்கையும் கூட்டினான். 1001920 வந்தது. "மிகை எண், சேர்!" என்றான். தன்னையும் சேர்த்துக் கூட்டினால் 1ஐத் தவிர எல்லா எண்ணும் மிகைதானே! எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கூட்ட வேண்டும். 1 + 991 + 1009 = 2001. பத்து இலட்சத்தைத் தொட நிற்கும் எண்ணுக்கு வெறும் இரண்டாயிரத்தொன்று. இவ்வளவு குறைவான குறைவெண்ணை அவன் அதுவரை கண்டதில்லை.