குழுவில் தினமும் ஒரு கேள்வி: வினாடி வினா நடத்தத் தொடங்குவது எப்படி?

எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை காலை வணக்கப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வரும். இப்போது காலை ஏழு மணிக்கு ஒரு கேள்வி, இரவு எட்டு மணிக்கு விடை, நடுவில் நாள் முழுக்கப் பேச்சு. உங்கள் குடும்பக் குழுவிலோ குடியிருப்புக் குழுவிலோ இப்படி ஒன்றைத் தொடங்க ஆசை என்றால், நான் செய்கிற முறையை வரிசையாகச் சொல்கிறேன். காசு செலவு கிடையாது. தினமும் இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

கேள்வி வரும் நேரமும் விடை வரும் நேரமும் மாறவே கூடாது. இரண்டுக்கும் நடுவே பத்து மணி நேரமாவது இருக்கட்டும். காலையில் அடுப்படியில் நிற்பவருக்கும், இரவுப் பணி முடிந்து தூங்கப் போகிறவருக்கும் யோசிக்க அவகாசம் வேண்டும். ‘முதலில் சொல்பவருக்குப் பரிசு’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். போனும் கையுமாக இருக்கிற நாலு பேரே தினமும் ஜெயிப்பார்கள். மற்றவர்கள் ஒரே வாரத்தில் ஒதுங்கிவிடுவார்கள்.

படி 2: விடையை வாங்கும் வழி

குழுவிலேயே விடை சொல்ல விட்டால், முதல் ஆள் சரியாகச் சொன்ன நிமிடமே அன்றைய ஆட்டம் முடிந்தது. அதனால் வாட்ஸ்அப்பில் விடையை உங்களுக்குத் தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் ‘அனுப்பிட்டேன்’ என்று மட்டும் போடலாம். அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் சூடு பிடிக்கும்.

டெலிகிராம் குழு என்றால் வேலை இன்னும் சுலபம். செய்தி எழுதும் இடத்தில் இருக்கும் கிளிப் படத்தைத் தொட்டு, ‘போல்’ (Poll, வாக்கெடுப்பு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேள்வியையும் நான்கு விடைகளையும் எழுதுங்கள். கீழே ‘க்விஸ் மோட்’ இருக்கும். அதை இயக்கிவிட்டுச் சரியான விடையைக் குறியுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு தெரிய வேண்டுமானால், பெயர் மறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சரியாகச் சொன்னவரின் திரையில் வண்ணக் காகிதம் தூவும். எழுபது வயதுக்காரர்கள்கூட அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

படி 3: கேள்வியைச் செதுக்குங்கள்

உயிரே இங்கேதான் இருக்கிறது. இருபது நிமிடத்தில் பதினைந்து இதற்குத்தான் போக வேண்டும்.

நான் எழுதிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். முதலில் எழுதியது: “பாம்பன் ரயில் பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?” விடை 1914. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு யோசிக்க இதில் ஒன்றுமே இல்லை. கூகுளில் தட்டினால் இரண்டு நொடியில் வந்துவிடும். அடித்துவிட்டேன்.

அடுத்து: “1964 புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தைச் சீரமைத்த பொறியாளர் யார்?” பரவாயில்லை, ஆனால் உள்ளே போக ஒரே ஒரு வாசல்தான். அந்தச் சம்பவத்தைக் கேள்விப்படாதவர் வெளியிலேயே நிற்பார்.

மூன்றாவதாக எழுதியது இது:

“1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் மீண்டும் ரயில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர் ஓர் இளம் பொறியாளர். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தலைநகரமே தினமும் பயணம் செய்யும் வேறொரு ரயில் திட்டத்தால் நாடு முழுக்க அறியப்பட்டார். யார் அவர்?”

விடை இ. ஸ்ரீதரன். பாம்பன் கதை தெரியாதவருக்கும் ‘தலைநகரம், ரயில்’ என்றதும் டெல்லி மெட்ரோ நினைவுக்கு வரும். அங்கிருந்து பெயரைப் பிடித்துவிடலாம். ஒரு கேள்விக்குக் குறைந்தது இரண்டு வாசல் வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். விடை தெரியாமலே யோசித்துக் கண்டுபிடித்தவரின் சந்தோஷம், ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தவருக்குக் கிடைக்காது.

எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் “என்ன கேக்குற?” என்று திருப்பிக் கேட்டால், வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

படி 4: சரிபாருங்கள்

ஆரம்பத்தில் ஒருநாள், “தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது?” என்று கேட்டுத் தொட்டபெட்டா என்று விடை போட்டேன். சரியான விடை கேரளத்தில் உள்ள ஆனைமுடி, 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஆனைமுடி என்று சொல்லியிருந்த ஒன்பது பேருக்கும் அன்றிரவே மதிப்பெண் கொடுத்து, குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து எந்த விடையையும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களில் பார்க்காமல் போடுவதில்லை.

குழுக்களில் சுற்றி வரும் பெருமைச் செய்திகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும், நேரில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கருங்கல்லில் அவ்வளவு உயரம் எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கேள்வியாக்கினாலே போதும், இல்லாத அதிசயம் தேவையில்லை.

படி 5: விடையோடு கதையும் சொல்லுங்கள்

‘விடை: இ. ஸ்ரீதரன்’ என்று ஒரு வரியோடு நிறுத்தினால் பேச்சும் அங்கேயே நின்றுவிடும். நான் இப்படிப் போட்டேன்: “இ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ஒரு ரயிலும் கடலில் போனது. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே முதலில் கொடுத்த கெடு ஆறு மாதம். கடலில் விழுந்த கர்டர்களையே (பாலத்தின் இரும்பு உத்திரங்கள்) மீட்டெடுத்துப் பொருத்தி 46 நாளில் முடித்தார்கள்.” நான்கே வரிதான். இதற்கு மேல் நீண்டால் யாரும் படிப்பதில்லை.

அன்றிரவு, குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை எழுதாத ராமநாதபுரத்து அக்கா ஒருவர் நான்கு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். பாலம் சரியாகும் வரை அவருடைய அப்பா மண்டபம் ஊரிலிருந்து படகில் ராமேஸ்வரம் போய்வந்த கதை. பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது, அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். விடை சொன்னது பதினோரு பேர். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுப் பேசியது முப்பது பேருக்கு மேல்.

படி 6: மதிப்பெண்

கூகுள் ஷீட்டில் பெயர் ஒரு பத்தி, தேதிகள் மற்ற பத்திகள். சரியான விடைக்கு இரண்டு, முயற்சிக்கு ஒன்று. மாத முதல் தேதி எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். இல்லாவிட்டால் நடுவில் சேர்பவருக்கு எட்டவே எட்டாது. அப்புறம், கடைசி இடத்தில் இருப்பவர்களின் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். முதல் ஐந்து பெயர் போதும்.

நாளைக்கே தொடங்க மூன்று கேள்விகள்

உங்களுக்கு முதல் மூன்று நாளுக்கு ஆகும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

திங்கள்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் தண்டவாளத்தின் நடுவில் பற்கள் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எதற்காக? (விடை: செங்குத்தான ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்.)

செவ்வாய்: 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் சதுரங்கத்தில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்தான். யார்? (விடை: மானுவல் ஆரோன், 1961.)

புதன்: 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரான இந்தப் பெண் மருத்துவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1954இல் அடையாறில் இவர் முயற்சியால் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்றும் பல ஊர்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். யார்? (விடை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம்.)

வியாழக்கிழமைக் கேள்வியை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள். தெருப் பெயர்ப் பலகையிலோ பழைய ரயில் நிலையத்துக் கல்வெட்டிலோ தேடிப் பாருங்கள், ஒன்று கட்டாயம் இருக்கும்.